பத்தாவது குறை

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் ஜீப் ஓட்டியவர். பழைய மிலிட்டரி ஜீப் ஒன்று வாங்கப் போகிறேன் என்று நான் எழுதியதும் அரக்கோணத்திலிருந்து பதில் போட்டார். நலம், நலமறிய ஆவல் என்ற ஒரு வரிக்குப் பிறகு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். இந்த வண்டிகளில் வழக்கமாக இருக்கும் குறைகள் பத்து, பத்தையும் பார்த்த பிறகுதான் சாவியைக் கையில் வாங்கவேண்டும், பெயிண்டைப் பார்த்து மயங்கவேண்டாம் என்று எழுதி, எண் போட்டு வரிசையாகக் கொடுத்திருந்தார். கடிதத்தை என் மனைவிதான் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். ஆனாலும் மச்சானின் கையெழுத்து எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஜீப் எனக்கு ஆடம்பரத்துக்கு இல்லை. எங்கள் ஊர் கங்காதர நெல்லூருக்கு அக்கரையில், நீவா ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் கிடையாது. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது வலி எடுத்து மாட்டு வண்டியில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ஆற்று மணலில் அச்சு வரைக்கும் புதைந்து, மாடு படுத்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. அடுத்த முறை முதல் வலியிலேயே இங்கே இருக்கவேண்டும், இல்லையென்றால் தாயும் தங்கமாட்டாள் என்று டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அடுத்த முறை வந்துவிட்டது. ஆற்றோரத்து நிலத்தை விற்றேன். மணலில் போகிற வண்டி எது என்று கேட்டால் எல்லோரும் ஜீப் என்றார்கள்.

அது ஆந்திர ராஜ்யம் பிறந்த புதிது. எந்த ஆபீசில் எந்த முத்திரை, எந்தக் காகிதம் எந்த மொழியில் என்று யாருக்கும் தெரியாது. நேற்று வரைக்கும் தமிழில் வாங்கிக்கொண்ட மனுவை இன்று அதே குமாஸ்தா தெலுங்கில் கேட்டார். எல்லை இன்னும் தீரவில்லை, நம்ம ஊர் மதராஸ் பக்கம் போய்விடும் என்று ஒருவர் சொன்னால், போகாது என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். நான் இரண்டு பேரையும் நம்பினேன். என் சுபாவமே அப்படி. யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதுதான் எனக்குச் சரி.

ஜீப் திருப்பதியில் இருந்தது. ஸ்டேஷனில் இறங்குகிற யாத்திரீகர்களை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிற ஒருவர் விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் நாமம், வெள்ளை வேட்டி, பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த வண்டியாம். கரும்பச்சைப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. மயங்கவேண்டாம் என்று மச்சான் எழுதியிருந்தார், நான் பார்த்ததுமே மயங்கிவிட்டேன்.

ஆனாலும் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். எஞ்சினைத் தொட்டுப் பார், விற்கிறவன் நீ வருவதற்குள் கிளப்பிச் சூடாக்கி வைத்திருப்பான் என்று இருந்தது. தொட்டேன், சூடாக இருந்தது. கேட்டேன். "காலைல ரெண்டு ட்ரிப் போய்ட்டு வந்தேன் மேஷ்டரு, சூடா இல்லாம எப்படி இருக்கும்" என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார், காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று அடுத்தது. என்ன காப்பி, பால் போட்டதா போடாததா என்று மச்சான் எழுதவில்லை. குச்சியில் இருந்தது கறுப்பு. கறுப்பு நல்லதா கெட்டதா என்று குச்சியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

வண்டியின் அடிச்சட்டத்தில் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் விரிசல் உண்டா என்று சுத்தியால் தட்டிப் பார்க்கவேண்டும். தட்டினேன், டொங்கென்றது. எப்படிக் கேட்டால் விரிசல் என்று தெரியாததால் இன்னும் நாலு இடத்தில் தட்டினேன். அங்கேயும் டொங்கென்றது. ஸ்டியரிங்கை ஆட்டினால் இரண்டு விரல் அகலத்துக்குமேல் சும்மா சுற்றக்கூடாது. என் விரலில் இரண்டு, அவர் விரலில் ஒன்றரை. பிரேக்கை ஒரே மிதியில் பிடிக்கவேண்டும். இறக்கத்தில் காலை எடுத்தால் கியர் துள்ளி வெளியே வரக்கூடாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கக்கூடாது. அது நின்ற தெருவே சாய்வு. மிதியடியைத் தூக்கினால் தரை துருப்பிடித்திருக்கக்கூடாது. முன்சக்கர முட்டியில் எண்ணெய் ஒழுகக்கூடாது. இந்த ஒன்றுதான் எனக்கு முழுத் திருப்தி. முட்டி சுத்தமாக, காய்ந்து இருந்தது. நல்லபடியாக வைத்திருக்கிறார் மனிதர் என்று நினைத்தேன்.

அத்தோடு சாயங்காலம் ஆகிவிட்டது. வண்டியை அவரே ஊருக்கு ஓட்டிவந்து ஒப்படைப்பதாகப் பேச்சு. எப்படியும் எங்கள் ஆற்றைத் தாண்டவேண்டும், மிச்சம் ஏதாவது இருந்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் காலையில் கிளம்பினோம். வழியெல்லாம் நான் எதையோ கேட்டுக்கொண்டே வந்தேன். சத்தம் வந்தால் அது என்ன சத்தம், வராவிட்டால் ஏன் வரவில்லை. பூதலப்பட்டு தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். கோபமில்லை. மனசு புண்பட்ட முகம்.

"மேஷ்டரு, ஒரு மாட்ட, ஒரு வார்த்தை சொல்றேன். என் பேர்ல உங்களுக்கு நம்மகம் வரல. காணிப்பாக்கம் இதோ பக்கத்துல இருக்குது. குளத்துல முழுகி ஸ்வாமி முன்னால ப்ரமாணம் பண்றேன். அதுக்கு அப்புறம் நீங்க அடகவே கூடாது, ஏதும் கேக்கக் கூடாது."

"அதெல்லாம் எதுக்குங்க" என்றேன். அவர் ஏற்கெனவே திருப்பிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் காணிப்பாக்கத்துச் சத்தியம் என்றால் கோர்ட்டுத் தீர்ப்புக்கு மேல். ஆடு திருடியவன்கூட அந்தப் படியில் கால் வைக்கும்போதே ஒப்புக்கொண்டுவிடுவான். நாங்கள் மிஷன் சபையார், இரண்டு தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை தவறாதவர்கள். சத்தியமே பண்ணவேண்டாம் என்பது எங்கள் வேதம். ஆனால் சத்தியம் பண்ணுகிறவனை என்ன செய்யவேண்டும் என்று எந்தப் போதகரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்பதிலேயே நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவர் முழுகி எழுந்து ஈர வேட்டியோடு வந்தார். "அந்தக் காகிதத்துல என்ன என்ன இருக்குதோ எல்லாம் படிங்க மேஷ்டரு. ஒண்ணொண்ணுக்கும் சொல்றேன்" என்றார். சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. நான் வாசலில் நின்று மச்சானின் கையெழுத்தைத் திக்கித் திக்கிப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் உள்ளே பார்த்துக் கைகூப்பி, "எனக்குத் தெலிசி இந்தக் குறை இல்ல ஸ்வாமி" என்றார். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று படித்தேன். முடிந்ததும் "ஆயிப்போச்சா?" என்றார். தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் எப்படிப் பரீட்சை பண்ணமுடியும்? இந்துவாக இருந்தால் பண்ணியிருக்கலாம். சந்தேகப் பிராணி என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்திருந்தால், வேதக்காரன் சாமியையே நம்பவில்லை என்று ஆகியிருக்கும். அந்த மனிதரின் சத்தியத்துக்கு மரியாதை காட்டவேண்டும் என்று நினைத்து, ஆற்றைத் தாண்டும்போது வாயைத் திறக்கவில்லை. அப்போது கோடை. ஆறு வறண்டு, மணலில் கரும்புச் சோகை பரப்பி வண்டித் தடம் போட்டிருந்தார்கள். ஜீப் அதன்மேல் உருண்டு ஏறிவிட்டது. நடுவில் இருந்த, முன்சக்கரத்தையும் இழுக்கவைக்கிற சின்ன லீவரை அவர் ஒருமுறை முன்னால் தள்ளிக் காட்டினார். டக்கென்று விழுந்தது.

மச்சானின் பத்தாவது குறை அந்த லீவரைப் பற்றியதுதான். லீவரைத் தள்ளினால் போதாது, அடியில் படுத்துப் பார். நடுப்பெட்டியிலிருந்து முன் அச்சுக்கு இரும்புத் தண்டாக ஒரு ஷாஃப்ட் போகவேண்டும், பெட்ரோல் மிச்சமாகும் என்று நிறைய பேர் அதைக் கழற்றிவிடுவார்கள், அது இல்லாவிட்டால் முன்சக்கரம் இழுக்காது, அது ஜீப்பே இல்லை. கூடவே ஒரு படமும் வரைந்திருந்தார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். வார்த்தை வார்த்தையாகக் காதில் கேட்டிருக்கிறது.

ஆடி கழிந்து மழை வந்தது. ஆற்றில் வெள்ளம் போய், சோகைத் தடத்தை அடித்துக்கொண்டு, புது மணலைக் கொட்டிவிட்டு வடிந்தது. அவளுக்கு வலி எடுத்தது ஒரு பகல் பத்து மணிக்கு. எனக்குப் பயமே இல்லை. ஜீப் இருக்கிறதே என்ற தைரியம். பின்னால் பாயைப் போட்டுப் படுக்கவைத்தேன். ஆற்றில் இறங்கி, லீவரைத் தள்ளி, டக்கென்று விழுந்த சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டு, மிதித்தேன்.

நடு ஆற்றில் நின்றுவிட்டது. பின்சக்கரம் இரண்டும் மணலைத் தோண்டித் தோண்டி இறங்கின. முன்சக்கரம் இரண்டும் எனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல் நின்றன. லீவரைப் பின்னால் இழுத்தேன், முன்னால் தள்ளினேன். இறங்கிப் பார்த்தேன், மறுபடி ஏறினேன். எது தப்பு என்று ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அவள் கத்த ஆரம்பித்துவிட்டாள். அக்கரையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். தலைமேல் வெயில். ஆற்றில் நிழல் என்று இருந்தது அந்த ஜீப்புக்கு அடியில் மட்டும்தான். பாயை மணலில் இழுத்துப் போட்டு, அவள் தலையும் மார்பும் நிழலில் இருக்கும்படி அங்கேயே கிடத்தினார்கள். என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லித் துரத்தினார்கள். நான் எஞ்சின் பக்கம் நின்று ஜெபம் பண்ணினேன். எதற்காக என்றுகூடச் சொல்லவில்லை, சும்மா கர்த்தரே கர்த்தரே என்றுகொண்டிருந்தேன்.

வலிக்கு நடுவில் ஒரு ஓய்வு வருமே, அப்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். முனகலாகத்தான் கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் குனிங்க. அண்ணன் வரைஞ்சிச்சே ஒரு ஷாஃப்ட்டு, அது இங்க காணமே."

குனிந்து பார்த்தேன். வாங்கி மூன்று மாதமாக நான் பார்க்காத இடத்தை அவள் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுப்பெட்டியின் முன்வாயில் ஒரு தகடு வைத்து மூடியிருந்தது. அங்கிருந்து முன் அச்சு வரைக்கும் வெறும் காற்று.

என் மகள் அந்த நிழலில் பிறந்தாள். கடலைக்காட்டுப் பெண்களில் ஒருத்தி தொப்புள்கொடியைக் கட்டினாள். கட்டை வண்டி பிடித்து, சோகை போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மனைவிக்கு நினைவு போய்விட்டிருந்தது. நாலாம் நாள்தான் கண் திறந்து பேசினாள். பிழைத்தாள். அந்த மூன்று நாளும் வராந்தாவில் உட்கார்ந்து நான் செய்த ஒரே வேலை, அந்தத் திருப்பதிக்காரரை மனசுக்குள் திட்டியதுதான்.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்கும்படி பேசினேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே என்னோடு எங்கள் ஊருக்கு வந்தார். வெள்ளை வேட்டியோடு மண்ணில் படுத்து ஜீப்புக்கு அடியில் பார்த்துவிட்டு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத் தெலியாது மேஷ்டரு. ஏலத்துல எப்படி எடுத்தேனோ அப்படியேதான் ஓட்டினேன். தார் ரோட்டுல அந்த லீவருக்கு என்ன வேலை?" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு அந்தக் காகிதத்துல இதும் படிச்சீங்களா?"

"படிச்சேன்" என்றேன்.

அந்த மனிதர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். படித்திருந்தால் அவர் உள்ள குறையை இல்லை என்று சாமி முன்னால் சொல்லியிருக்கிறார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். "நாளைக்குக் காணிப்பாக்கம் வாங்க. அங்க நின்னு நான் படிச்சேன்னு ஒரு மாட்ட சொல்லுங்க. என் தப்புன்னு தெரிஞ்சா அதுக்கு என்ன உண்டோ பண்ணிக்கறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உள்ளே ஆட்டம் கண்டது. படித்தேனா? ஒன்பது நினைவிருக்கிறது. பத்து காதில் கேட்கிறது, தெளிவாக, அடியில் படுத்துப் பார் என்று. ஆனால் கோயில் வாசலில் என் வாய் அதைச் சொன்னதா என்று யோசித்தால், ஈர வேட்டியும் கூட்டமும்தான் வருகிறது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரைத் தெருவில் நிறுத்தித் திட்டிவிட்டு எப்படிச் சொல்வது?

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக்கூடாதுங்க" என்றேன்.

"சத்தியம் வேணாம். சும்மா நின்னு சொன்னா சாலு."

"கோயில்ல வந்து நிக்கறதும் கூடாதுங்க" என்றேன். அன்றைக்கு நின்றவன் நான்தான். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஜன்னலுக்கு உள்ளே என் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

மாதம் திரும்புவதற்குள் எங்கிருந்தோ ஒரு ஷாஃப்டைத் தேடிப் பிடித்து, ஆளோடு வந்து மாட்டிவிட்டுப் போனார். வருஷா வருஷம், சத்தியம் பண்ணிய அதே மாதத்தில் காணிப்பாக்கத்துக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்டு, நாள் முழுக்க ஒன்றும் தின்னாமல் படியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார். ஐயோ பாவம் என்றும் தோன்றியது, நன்றாக வேண்டும் என்றும் தோன்றியது.

ஐந்து வருஷம் போனது. எல்லை ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி அந்தப் பக்கம் என்றும் சத்தியவேடு இந்தப் பக்கம் என்றும் சொல்லிவிட்டார்கள். திருத்தணியில் தமிழ் வாத்தியார் வேலை காலி இருக்கிறது, வந்துவிடு என்று மச்சான் எழுதினார். போவதா இருப்பதா என்று எனக்கு வழக்கமான குழப்பம். எதற்கும் காகிதங்களை எடுத்துவைப்போம் என்று மகளின் ஞானஸ்நானச் சீட்டைத் தேடி, மனைவியின் டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அவளுடைய கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு தாள் மடித்திருந்தது. பிரித்தால் ஜீப்பின் அடிவயிறு. நடுப்பெட்டி, முன் அச்சு, நடுவில் ஒரு ஷாஃப்ட். மேலே பத்து என்று எண் போட்டு, லீவரைத் தள்ளினால் போதாது என்று மச்சானின் எழுத்து. தாளின் பின்பக்கத்தில், 'தங்கச்சி, இந்தத் தடவை உனக்கு ஒன்றும் ஆகாது, அண்ணன் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தது.

கடிதம் இரண்டு தாள். எனக்கு நினைவே இல்லை.

அவள் வாசலில் வந்து நின்றாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அண்ணன் எனக்குன்னு எழுதிச்சேன்னு அந்தத் தாள நான்தான் எடுத்து வச்சுக்கினேன். நீங்க திருப்பதிக்குப் போவறதுக்கு முந்தியே" என்றாள்.

"அப்ப நான் அங்க படிக்கல."

"உங்ககிட்ட இருந்தாத்தானே படிப்பீங்க."

என் காதில் இத்தனை வருஷம் கேட்ட பத்தாவது குறை யாருடைய குரல் என்று அப்போது தெரிந்தது. கடிதம் வந்த அன்றைக்கு அவள் எனக்குப் படித்துக் காட்டிய குரல். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"படிச்சேன் படிச்சேன்னு அந்த ஆளப் போட்டுத் திட்டிக்கினு இருந்தீங்க. இல்லன்னு நான் வெளிய வந்து எப்படிச் சொல்றது? அப்புறம் நாள் போய்க்கினே இருந்துது" என்றாள். அழவில்லை. மறுநாள் திருப்பதிக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மகளையும் ஏற்றிக்கொண்டு அதே ஜீப்பில் போனோம். அவர் தலையில் அந்த வருஷத்து மொட்டை இன்னும் முழுக்க முளைக்கவில்லை. என் மனைவிதான் பேசினாள். தாளை நீட்டினாள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படத்தில் ஷாஃப்ட் எது என்று கேட்டார். அவள் விரல் வைத்துக் காட்டினாள். அந்தக் கோட்டின்மேல் அவரும் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்துப் பார்த்தார்.

"அப்ப நான் பொய் ப்ரமாணம் பண்ல" என்றார்.

"பண்லீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, காணிப்பாக்கம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். என் மகளைக் கூப்பிட்டுக் கையில் வாழைப்பழம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புரியாமல் கேட்கிற பிள்ளையின் முகம்தான் இருந்தது.

"மேஷ்டரு, அன்னிக்கு நீங்க படிச்சேன்னு சொன்னீங்களே?"

குழப்பத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் நம்பிவிட்டார். அதுவாவது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.